மூன்று உடன்பிறந்தாரும் மூன்று தொகுதிகளும்: சேர்வராயன் மலையாளிகளின் குடியேற்றக் கதை பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

வாய்மொழிக் கதைகளை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புவர். கதை கூறும் நிகழ்ச்சி உண்மையில் நிகழ்ந்ததா என்பது ஒன்று. நிகழ்ந்ததாயின் எக்காலத்து என்பது மற்றொன்று. இவ்விரண்டினும் முதன்மை வாய்ந்த மூன்றாம் வினா ஒன்றும் உண்டு. அக்கதையை யார், யாரிடத்து, எதனைப் பெறுதற்பொருட்டுக் கூறினர் என்பதே அது. இம்மூன்றாம் வினாவை எழுப்பாது ஒரு கதையைப் படிப்பின், படிப்பவர்க்கு நேரும் இழப்பு சிறிது. கதைக்கு உரிய மக்களுக்கு நேரும் இழப்போ பெரிது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிகளின் குடியேற்றக் கதையைக் கொண்டு இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சேலம் நகரின் வடபால் உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அதன் தலைமையூர் ஏற்காடு. அங்குள்ள ஏரியின் மிகைநீர் வழிந்தோடிக் கிளியூரில் அருவியாக வீழ்கின்றது. அருவியைக் காண வருவோர் பலர். அவ்வருவிக்குப் பெயர் தந்த கிளியூர் முதலிய மலையூர்களில் வாழும் குடிகளைப் பற்றி அறிந்தோர் சிலரே. அக்குடிகள் தம்மை மலையாளிகள் என்பர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளில் வழங்கும் இப்பெயர் கேரள நாட்டு மலையாளிகளைக் குறிப்பதன்று. இவர்தம் தாய்மொழி தமிழே. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவருள் மலையாளிகள் ஏறத்தாழ 3,58,000 பேர். எனவே தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் எண்ணிக்கையால் முதலிடம் பெறுவோர் இவரே என்க.

2. கதையும் அதனைப் பதிவு செய்த ஏடுகளும்

கதையின் உடல் எளியது. காஞ்சிபுரத்தில் வாழ்ந்த காரைக்காட்டு வெள்ளாளர் குடியில் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என உடன்பிறந்தார் மூவர் இருந்தனர். ஊரை விட்டுப் புறப்பட்டு வந்த அம்மூவரும் மூன்று மலைகளைத் தமக்கு வாழிடமாகக் கொண்டனர். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்பன அவை. பெரியண்ணன் சேர்வராயன் மலையை அடைந்தான் என்பர்; ஏனை இருவர்க்கும் உரிய மலை எது என்பதில் கதையின் வடிவங்கள் தம்முள் மாறுபடும். புறப்பட்டதற்குக் காரணம் கூறுவதிலும் வேறுபாடு உண்டு. வேட்டையாடச் சென்று மழையால் மீள இயலாது தங்கினர் என்பது ஒரு வடிவம். பிற சமயத்தார் ஆட்சிக்கு அஞ்சி அகன்றனர் என்பது மற்றொன்று.

இக்கதை ஆங்கில ஆட்சிக்கால ஏடுகள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. லெ பானு 1883 இல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு, எட்கர் தர்ஸ்டன் 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் பெருநூல், ரிச்சர்ட்ஸ் 1918 இல் தொகுத்த சேலம் மாவட்ட விவரச் சுவடி ஆகியவை அவற்றுட் குறிப்பிடத்தக்கன. இவ்வாசிரியர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடல் ஆகாது. இவர்கள் எழுதி வையாதிருப்பின் கதையின் பழைய வடிவங்கள் சில நமக்குக் கிடைத்திரா. ஆயினும் எழுதி வைத்தல் வேறு. பொருள் காணுதல் வேறு. தர்ஸ்டன் இக்கதையைத் தந்ததோடு அமையாது ஒரு முடிவும் கூறினார். நீலகிரித் தோடர் போலத் தொன்மையான மலைக்குடி எனப்படுதற்கு இவர்க்கு உரிமை இல்லை என்பதும், இவர் அண்மைக் காலத்தே சமவெளியினின்று மலையேறிய தமிழ் உழவர் என்பதுமே அவர் முடிவு. அம்முடிவிற்கு முதன்மையான சான்று கதையே. பின்வந்தோர் பலரும் அதனை எடுத்து மொழிந்தனர். ஆதலின் அம்முடிவு நிற்குமா என்பதைக் கதையின் அமைப்பைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

3. படித்த முறையில் நேர்ந்த பிழைகள்

முதலாவது, காஞ்சி என்னும் இடப்பெயர். தமிழ்நாட்டுக் குடிகளின் வரலாற்றுக் கதைகளுள் பல 'யாம் இங்குப் பிறந்தேம்' என்று கூறுவதில்லை; 'யாம் இங்கு வந்தேம்' என்றே கூறும். நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் முன்னோர் காஞ்சியினின்று காவிரிப்பூம்பட்டினம் போந்து, பின்னர்ப் பாண்டிநாடு புக்கனர் என்பர். ஆதொண்டச் சக்கரவர்த்தி வெள்ளாளரைத் தொண்டை மண்டலத்திற் குடியேற்றினான் என்பது மற்றொரு வழக்கு. புகழ் வாய்ந்த பழம்பதி ஒன்றினின்று வந்தோம் என்று கூறுதல், ஒரு குடி தன் மதிப்பை நாட்டிக் கொள்ளும் முறையாகும். எனவே காஞ்சி என்பது இக்கதைகளில் ஊர்ப்பெயராக மட்டும் நில்லாது மதிப்பின் பெயராகவும் நிற்கின்றது. நகரத்தார் கதையைக் கேட்டு அவர்தம் நாட்டுரிமையை ஐயுறுவார் இலர். மலையாளிகள் கதை மட்டும் அவர்க்கு எதிரான வாக்குமூலமாகக் கொள்ளப்பட்டது முறையாகாது.

இரண்டாவது, காலக்கணக்கு. குடியேற்றம் பத்துத் தலைமுறைக்கு முன் நிகழ்ந்தது என்னும் கூற்றை அவ்வாறே எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கிடுதல் வாய்மொழி மரபின் இயல்பறியாமையாகும். எழுத்துப் பதிவு இல்லாத குடிகளின் நினைவில் தலைமுறை எண்ணிக்கை நீளாது. இடையிலுள்ளோர் மறக்கப்பட, முதல்வனும் அண்மையோரும் நெருங்கி நிற்பர். பத்து என்பது எண்ணிக் கண்டது என்பதினும் 'முன்னொரு காலத்து' என்னும் பொருட்டு எனக் கொள்ளுதலே பொருந்தும்.

மூன்றாவது பிழையே பெரும் பிழை. கதையின் ஒரு வடிவத்தில் உடன்பிறந்தார் மூவரும் தம் மனைவியரை இழந்து, கைக்கோளர், வேடர் முதலிய குடிகளிற் பிறந்த பெண்டிரை மணந்தே மலையில் நிலைத்தனர் எனக் கூறப்படுகின்றது. தர்ஸ்டன் நூலிலேயே இவ்வடிவம் உள்ளது. இதனால் பெறப்படுவது யாது? தந்தையர் வந்தவர், தாயருள்ளும் வேட்டுவக் குடியினர் இருந்தனர் என்பதைக் கதை தானே ஒப்புக்கொள்கின்றது. வந்தோரும் இருந்தோரும் கலந்த கலப்பே இக்குடி எனக் கதை கூற, அதனைப் படித்தோர் தந்தை வழியை மட்டும் கொண்டு தாய் வழியைக் கைவிட்டனர். கதையின் ஒரு பாதியைச் சான்றாக ஏற்று மறுபாதியைப் புனைவெனத் தள்ளுதல் திறனாய்வு நெறிக்கு ஒவ்வாது.

4. கதையின் நோக்கம்

இனி மூன்றாம் வினாவிற்கு வருவோம். இக்கதை யாரிடத்துக் கூறப்பட்டது?

1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சித்தலைவராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். அதன்பின் மலையின் நிலம் சிறிது சிறிதாகத் தோட்ட முதலாளிகள் கைக்குச் சென்றது. நாடு, ஊர் என்னும் பிரிவுகளும், பட்டக்காரன், ஊர்க்கவுண்டன் என்னும் பதவிகளும் கொண்டு தம்மைத் தாமே ஆண்டு வந்த மக்கள், தாம் உழுத நிலத்தின் உரிமையைப் பிறர்முன் எடுத்துரைக்க வேண்டியவராயினர். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. 'நீவிர் எக்குலத்தார்?' என்று அரசு வினவியது. உழவுக்கும் உழவர்க்கும் மதிப்பு மிக்க நாட்டில், நிலத்தோடு தமக்குள்ள உறவை அறிவித்தற்கு அம்மக்கள் தெரிந்தெடுத்த சொல் 'வெள்ளாளர்' என்பது. 'யாம் காட்டில் திரிவோர் அல்லேம், உழுது வாழ்வேம், எமக்கும் ஓர் ஊரும் பெயரும் உண்டு' என்பதே அவ்விடையின் கருத்து.

1950 இல் வினா மாறியது. அரசியலமைப்பின் 342 ஆம் உறுப்பின்கீழ் வெளியிடப்பட்ட ஆணை நாட்டின் பழங்குடிகளைப் பட்டியலிட்டது. இப்பொழுது மதிப்பு, உரிமை, படிப்பு, பதவி ஆகியவற்றிற்கு வாயில் 'பழங்குடி' என்னும் சொல்லாயிற்று. முன்னர்த் தற்காப்பிற்கு உதவிய வெள்ளாளர் கதை இப்பொழுது தடையாகத் தோன்றலாயிற்று. 'காஞ்சியினின்று வந்த வெள்ளாளர் எங்ஙனம் பழங்குடியாவர்?' என்று வினவுவார்க்கு, அம்மக்களின் சொந்தக் கதையே கருவியாயிற்று.

ஈண்டு ஒரு தடை எழும். 'கதை நமக்கு உதவும்போது வரலாறு எனவும், உதவாதபோது புனைவு எனவும் கூறுதல் நேர்மையா?' என்று கேட்கலாம். தடை தக்கதே. அதற்கு விடை, நாம் அதனை எப்போதும் வரலாறு எனக் கொள்ளவில்லை என்பதே. அன்றியும், சட்டம் குடியின் தொன்மையைக் கேட்கவே இல்லை. 1965 இல் அறிக்கை தந்த லோகூர் குழு பழங்குடியை அறிதற்கு ஐந்து அடையாளங்களைக் கூறிற்று. தொல்பழங்காலக் கூறுகள், தனிப்பண்பாடு, நிலவியல் ஒதுக்கம், பிறரோடு பழகக் கூசுதல், பின்தங்கிய நிலை என்பன அவை. 'எங்கிருந்து வந்தீர், எப்போது வந்தீர்' என்பது அவற்றுள் ஒன்றன்று. ஆதலின் குடியேற்றக் கதையைக் காட்டிப் பழங்குடித் தகுதியை மறுத்தல், கேளாத வினாவிற்கு விடை கூறுதலேயாம்.

ஆயின் அவ்வைந்து அடையாளங்களும் குறையுடையனவே. பிறரோடு பழகக் கூசுதல் ஒரு குடியின் அடையாளம் என்கின்றது குழு. வாக்களித்தல், வேட்பாளராக நிற்றல், அவையில் பேசுதல் ஆகிய யாவும் பிறரோடு பழகுதலே. அரசியலிற் பங்கு பெறுக என ஒரு கையால் அழைத்து, பங்கு பெறும் அளவிற்குக் கூச்சம் நீங்கினாயேல் நீ பழங்குடி அல்லை என மறுகையால் விலக்கும் அளவுகோல் இது. கதையை வாக்குமூலமாகப் படித்த பிழையும், மக்களை அசையாத ஓவியமாகக் கண்ட பிழையும் ஒரே வேரினின்று எழுந்தவை.

5. மலைகளும் தொகுதிகளும்

இனி அம்மக்கள் பெற்ற அரசியற் பங்கினை நோக்குவோம். 1935 ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள், பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடியினர்க்கும் உரியது ஒன்றே. அரசியலமைப்பு வந்தபின் மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்குதல் முறையாயிற்று. பத்தாண்டிற்கு என வகுக்கப்பட்ட அவ்வொதுக்கீடு பன்முறை நீட்டிக்கப்பட்டு, இறுதியாக 104 ஆம் திருத்தத்தால் 2030 வரை செல்லும்.

234 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 2006 ஆம் ஆண்டுத் தேர்தல் வரை பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டவை மூன்று: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். ஏற்காடு சேர்வராயன் மலையைச் சார்ந்தது. சேந்தமங்கலம் கொல்லிமலையைச் சார்ந்தது. உப்பிலியபுரம் பச்சைமலையைச் சார்ந்தது. கதையில் வரும் உடன்பிறந்தார் மூவர்க்கும் ஒவ்வொரு தொகுதி அமைந்தது போன்ற இவ்வமைப்பு, கதையைக் கேட்டு வகுத்ததன்று. மலையாளிகள் செறிந்து வாழும் இடங்களைக் கணக்கிட்டு வகுத்தது. ஆயினும் கதையின் நிலவியல் எத்துணை மெய்ம்மையுடையது என்பதற்கு இஃது ஒரு சான்றாம். கதையின் ஆண்டுக்கணக்கை நம்பினோர், நம்பத்தக்க அதன் நிலக்கணக்கைப் போற்றவில்லை.

2008 ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையில் மூன்று இரண்டாயிற்று. காரணம் எளிய பெருக்கற் கணக்கே. 2001 ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள் 6,24,05,679 பேர். பழங்குடியினர் 6,51,321 பேர். இவ்விகிதத்தை 234 இடங்களுக்குப் பொருத்தினால் கிடைப்பது 2.44. பின்னம் தள்ளப்பட்டது, உப்பிலியபுரம் மறைந்தது. பச்சைமலையின் திருச்சிப் பகுதி இன்று துறையூர்த் தொகுதியில் உள்ளது. அத்தொகுதி பட்டியல் சாதியினர்க்கு உரியது. எனவே அம்மலையில் வாழும் மலையாளி தன் தொகுதியில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க இயலாது. மக்களவையிலோ தமிழ்நாட்டின் 39 இடங்களுள் பழங்குடியினர்க்கு உரியது ஒன்றும் இல்லை.

மாவட்ட எல்லையும் இவ்வாறே இடர் செய்கின்றது. பட்டியலில் மலையாளி என்னும் பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் மாவட்டங்களோடு பிணைக்கப்பட்டுள்ளது. அன்று கோயம்புத்தூரைச் சார்ந்திருந்து இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள பர்கூர், கடம்பூர் மலைகளின் மலையாளிகள் அப்பட்டியலிற் சேராதவர். மொழி ஒன்று, பெயர் ஒன்று. மாவட்டம் வேறாதலின் உரிமை வேறு. காஞ்சியினின்று மலைக்கு வந்ததைக் குற்றமாகக் கண்டோர், கோடு ஒன்றைக் கடந்த அளவில் குடி மாறிவிடும் என்பதைக் குற்றமாகக் கண்டிலர்.

6. அமெரிக்க நாட்டோடு ஓர் ஒப்புமை

சிறுபான்மையோர் அரசியலிற் பங்கு பெறுதல் நம் நாட்டிற்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்கத் தொல்குடியினர்க்கு 1924 இல் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆயினும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1948 இல் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்த பின்னரே அவர்க்கு வாக்குரிமைத் தடை நீங்கிற்று. கறுப்பின மக்கள் தென்மாநிலங்களில் தடையின்றி வாக்களிக்க 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. 2013 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான கட்டுப்பாடு ஒன்றைச் செயலற்றதாக்கியது.

இரு நாடுகளின் முறைகளும் தலைகீழானவை. அமெரிக்காவில் எவ்விடமும் எக்குடிக்கும் ஒதுக்கப்படுவதில்லை, எவரும் நிற்கலாம். சிறுபான்மையோர் தாம் விரும்பியவரைத் தேர்ந்தெடுக்கும் வண்ணம் சில தொகுதிகளில் அவரே பெரும்பான்மை வாக்காளராகுமாறு எல்லை வகுக்கப்படும். இனத்தையே முதன்மையாகக் கொண்டு எல்லை வகுத்தலை 1993 இல் வட கரோலினா வழக்கில் உச்சநீதிமன்றம் கடுமையாக வினவியது. நம் நாட்டிலோ, 1932 ஆம் ஆண்டுப் பூனா உடன்பாடு காட்டிய வழியில், வேட்பாளர் ஒதுக்கீடு பெற்ற குடியினராதல் வேண்டும். வாக்காளர் யாவரும் ஆவர். சுருங்கக் கூறின், அங்குக் காக்கப்படுவது தேர்ந்தெடுப்போரின் உரிமை. இங்குக் காக்கப்படுவது தேர்ந்தெடுக்கப்படுவோரின் உரிமை.

ஏற்காட்டுத் தொகுதி இவ்வேறுபாட்டிற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏற்காட்டு வட்டத்தின் மக்கள் 2011 இல் அரை இலட்சத்திற்கும் குறைவினர். தொகுதியோ சமவெளியிலுள்ள வாழப்பாடிப் பகுதியையும் சேலம் வட்டத்தின் ஒரு பகுதியையும் உட்கொண்டது. 2013 இல் அங்கு வாக்காளர் ஏறத்தாழ 2,40,000 பேர். எனவே மலையின் பெயரைத் தாங்கிய தொகுதியில் மலையில் வாழ்வோர் சிறுபான்மையரே. வென்றவர் மலையாளியாக இருப்பார். வெற்றியைத் தருவோர் சமவெளியார்.

7. ஓர் இடைத்தேர்தல்

2013 டிசம்பர் 4 அன்று ஏற்காட்டில் இடைத்தேர்தல் நடைபெற்றது. உறுப்பினர் பெருமாள் மறைந்தமையால் வந்த அத்தேர்தலில் அவர்தம் துணைவியார் சரோஜா அ.தி.மு.க. சார்பில் நின்று 78,116 வாக்கு மிகுதியால் வென்றார். அமைச்சர்கள் பலர் ஊர்தோறும் தங்கி வாக்குக் கேட்டனர். பழங்குடிப் பெண் ஒருவர் அவை புகுந்தமை மகிழத்தக்கது. தமிழ்நாட்டிலேயே முதன்முறையாக 'நோட்டா' என்னும் விடை வாக்குப்பொறியில் இடம்பெற்றதும் அத்தேர்தலிலேயே. அவ்விடையைத் தெரிந்தெடுத்தோர் 4,400 பேருக்கு மேற்பட்டோர். இச்சிறு எண்ணைக் கொண்டு மலைமக்கள் உள்ளத்தை அளத்தல் தவறு. ஆயினும், கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் என்பதோடு, கேட்ட வினாவையே மறுத்தல் என்பதும் அரசியற் பங்கேயாம் என்பதை அது நினைவூட்டும்.

ஒதுக்கீட்டினால் பயனில்லை என்பது நம் கருத்தன்று. அஃது இல்லையேல் இம்மலைகளினின்று எவரும் சட்டமன்றத்தை எட்டியிருத்தல் அரிது. ஆயின் ஒரு நாற்காலி மட்டும் போதாது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்கு உட்பட்ட பகுதி ஒன்றும் இல்லை. அதனால் அட்டவணைப் பகுதிகளின் ஊரவைக்கு நிலத்தின்மேல் உரிமை தரும் 1996 ஆம் ஆண்டுச் சட்டமும் இம்மலைகளில் இயங்காது. பட்டக்காரனும் ஊர்க்கவுண்டனும் கூடிப் பேசிய பழைய ஊரவைக்கு ஈடாக அம்மக்கள் பெற்றது ஐந்தாண்டிற்கு ஒரு முறை அளிக்கும் வாக்கே. அதனினும் மிகுதியை அவர் வேண்டுவது வியப்பன்று.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. மலையாளிகளின் குடியேற்றக் கதை ஆண்டுக்கணக்கு அன்று. இடத்திற்கும் மதிப்பிற்கும் அவர் எடுத்துரைத்த உரிமை முறையீடு. கதை தாயரை மறக்கவில்லை, படித்தோர் மறந்தனர். வினவுவோர் மாற மாற விடையும் மாறியது. அதனைப் பொய்ம்மை என்றல் பொருந்தாது. தம்மைப் பற்றிப் பிறர் கேட்கும் வினாவை அமைக்கும் உரிமை இல்லாதார்க்கு எஞ்சிய அரசியல் அதுவேயாகும்.

தமிழ்த்துறைகளுக்கு ஈண்டு ஒரு கடமை உண்டு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் பர்கூரிலும் வழங்கும் இக்கதையின் வடிவங்களை, கூறுவோர், கேட்போர், கூறும் சூழல் ஆகியவற்றோடு ஒருங்கு தொகுத்து வெளியிடல் வேண்டும். பெண்டிர் கூறும் வடிவங்களைத் தனியே நாடிப் பெறுதல் வேண்டும். தாயர் வழியை அவர் எங்ஙனம் நினைவில் வைத்துள்ளனர் என்பது அறியத்தக்கது. இலக்கிய ஆய்வு ஏட்டளவில் நிற்பது என்று எண்ணுவார் உளர். ஒரு கதையைத் தவறாகப் படித்தமையின் விளைவு அரசு அலுவலகத்தின் சான்றிதழ் வரை செல்லுமாயின், அதனைச் செம்மையாகப் படித்தலின் பயனும் அதுவரை செல்லும் அன்றோ? கிளியூரின் குடிகள் தம்மைப் பற்றிக் கூறும் கதைக்கு நாம் தரும் முதல் மதிப்பு, அதனை முழுமையாகக் கேட்டலே.